நரி வேண்டாம், பரி போதும்

பெண்கள் கூடிக் குதிரையேறும் வார இறுதிக்கு என்னென்ன தயாரிப்பு? ஊட்டி வேட்டையின் கதையும், வடலூருக்குப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தியின் வேண்டுகோளும்

“என்னடி, நரி மொகத்துல முழிச்சியா?”

எங்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கம் யாருக்காவது நினைக்காத நல்லது நடந்துவிட்டால் இப்படித்தான் கேட்பார்கள். தறிக்கூலி நிலுவை மொத்தமாகக் கைக்கு வந்தாலும் இதே கேள்விதான். தட்டிக்கொண்டே போன சம்பந்தம் திடீரென்று கூடிவந்தாலும் இதேதான். என் ஆயா முந்திரிக்கொட்டை பொறுக்க விடியாத இருட்டில் தோப்புக்குப் போவாள். வழியில் நரியைப் பார்த்தேன் என்று வந்து சொல்லும் நாளில் வீடே கொஞ்சம் மலர்ந்திருக்கும். ராத்திரியில் ஊளைச் சத்தம் கேட்டு நான் அவள் முந்தானைக்குள் ஒடுங்கினால், “அது பாட்டுக்கு அது போவுது, நீ பாட்டுக்கு நீ தூங்கு” என்பாள்.

அந்த நரியைக் குதிரைமேல் ஏறி, முப்பது நாற்பது வேட்டைநாய்களை ஏவித் துரத்தியவர்களும் இதே தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள். குதிரையேற்றம் பழகும் என் தோழிகள் சிலர், பெண்களாகச் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறு மலையில் குதிரையோட்டத் திட்டமிட்டார்கள். “அந்தக் காலத்து ஊட்டி வேட்டை மாதிரியே செய்தால் என்ன?” என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேட்டை என்றால் என்ன, அதற்குப் பெண்கள் எப்படித் தயாரானார்கள், அதில் எதை நாம் எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று தேடிப் படித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை.

நீலகிரியில் ஒரு இங்கிலாந்து

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளில் ஊட்டி வெள்ளைக்காரர்களின் கோடை ஊரானது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்கிலாந்தை நினைவூட்டும் குளிர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை அலையலையாகப் புல்வெளி. தங்கள் ஊர் நரிவேட்டையையும் இங்கே கொண்டுவர அவர்களுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஊட்டியில் வேட்டை தொடங்கிவிட்டது. வேட்டைநாய்கள் கப்பலில் வந்தன. இங்கிலாந்தில் துரத்தப்பட்டது செந்நரி; அது இங்கே இல்லாததால், நம் ஊர்களில் ஊளையிடும் நரியே இலக்கானது.

குதிரைகள் ஓடிய அந்தப் புல்வெளிக்குப் பின்னாளில் வென்லாக் டவுன்ஸ் என்று பெயர் வந்தது. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. ஆனால் தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்து வந்த நிலம் அது என்பதை மறக்கக் கூடாது. வெள்ளைக்காரருக்கு விளையாட்டுத் திடலான இடம் தோடருக்குக் கோயிலும் வாழ்வுமான இடம்.

பார்வைக்கு மெத்தை விரித்தாற்போலத் தெரியும் அந்தப் புல்வெளியில் ஆபத்தும் உண்டு. இரண்டு குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் ஊற்றுநீர் தேங்கிச் சதுப்பு உண்டாகியிருக்கும். மேலே பச்சைப் புல் மூடியிருக்கும். வேகமாக வரும் குதிரை அதில் கால் வைத்தால் வயிறு வரை இறங்கிவிடும். அதனால்தான் நிலம் தெரிந்த ஒருவர் முன்னே போக, மற்றவர்கள் அவரைத் தாண்டாமல் பின்னே வரும் ஒழுங்கு வேட்டையில் கண்டிப்பாக இருந்தது.

நாடு விடுதலையானபின் ராணுவ அதிகாரிகளுக்கான பணியாளர் கல்லூரி குன்னூர் அருகே வெலிங்டனில் அமைந்தது. ஊட்டி வேட்டையின் மரபைத் தாங்கிப் பிடித்ததும் அந்தக் கல்லூரிதான். இந்தியாவில் மிஞ்சிய ஒரே வேட்டைக் குழு என்ற பேர் ஊட்டிக்கு நிலைத்தது. ஆனால் புல்வெளி நிலைக்கவில்லை. தைலமரமும் சீகை மரமும் நட்டுப் பெரும்பகுதியைக் காடாக்கினார்கள். 1960-களில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை வந்தது. குதிரை ஓட இடமும் சுருங்கியது. நரி வாழ இடமும் சுருங்கியது.

ஒரு பக்கமாக உட்கார்ந்த காலம்

இந்த வேட்டைகளில் பெண்களும் ஓடினார்கள். அதுவும் எப்படி? இரண்டு காலையும் குதிரையின் ஒரே பக்கம் தொங்கவிட்டு, தரையைத் தொடும் பாவாடையோடு. பெண் கால் விரித்து உட்காருவது அடக்கமில்லை என்று அன்றைய ஐரோப்பா நினைத்தது. 1830 வாக்கில் பக்கவாட்டுச் சேணத்தில் இடது தொடையைத் தாங்கும் வளைந்த கொம்பு ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் பெண்களால் துணிந்து வேலி தாண்ட முடிந்தது. கூடவே வேறொரு கஷ்டமும் வந்தது. விழும்போது பாவாடை கொம்பில் சிக்கிக்கொள்ள, குதிரை ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். பல உயிர் போனபின்தான் இழுபட்டால் தானே கழன்றுவிடும் பாவாடையைத் தைத்தார்கள். இருபக்கமும் கால் போட்டு உட்காருவது பெண்களுக்குச் சகஜமாக 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இத்தனை தடைக்கு நடுவிலும் பெண்கள் பின்தங்கவில்லை. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் 1870-களில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் வேட்டைக்காகவே போய், ஆண்கள் தயங்கிய வேலிகளைத் தாண்டினார். அயர்லாந்து எழுத்தாளர் ஈடித் சாமர்வில் 1903-இல் ஒரு வேட்டைக் குழுவுக்கே தலைவரானார். ஓட்டுப் போடும் உரிமைகூட இல்லாத காலத்தில், குதிரைமேல் மட்டும் அவர்களுக்கு ஆணுக்கு நிகரான இடம் கிடைத்தது.

அந்த நிகர் இடம் இன்றும் இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே பதக்கத்துக்கு நேருக்கு நேர் மோதுவது குதிரையேற்றத்தில்தான். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியா குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வென்றது. அந்த நால்வர் அணியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யாகிருதி சிங் என்று இரண்டு பெண்கள். நம் சென்னையின் ரூபா சிங், ஆண்களே ஆண்ட பந்தயக் களத்தில் ஜாக்கியாக நுழைந்து நூற்றுக்கணக்கான பந்தயங்களை ஜெயித்தவர்.

முதலில் குதிரைக்குச் சாப்பாடு

சரி, ஒரு வேட்டை வார இறுதிக்கு எப்படித் தயாராவது? என் தோழிகளின் பட்டியலில் முதல் வரி, குதிரை. இரண்டாவது வரியும் குதிரைதான்.

சமவெளிக் குதிரையை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் மறுநாளே ஓட்டக் கூடாது. உயரத்தில் மூச்சு பழகச் சில நாளாவது வேண்டும். அதனால் மலையிலேயே வளரும் குதிரையை ஏற்பாடு செய்வது நல்லது. ஆறேழு வாரத்துக்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும்: முதலில் நெடுநேர நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு மேட்டில் ஏறி இறங்குதல். சும்மா நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஓடி நின்றபின் அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை வைத்துத்தான் அதன் தெம்பைக் கணிப்பார்கள். தாடை எலும்பின் உள்பக்கம் இரண்டு விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். முதல்முறை அது என் விரலில் துடித்தபோது, இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு நிதானமான துடிப்பா என்று ஆச்சரியப்பட்டேன்.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். ஓட்டத்துக்கு முந்தின நாள் அடித்தால் ஆணி உறுத்தினாலும் தெரியாது. ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். குதிரைக்குத் தினமும் 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் தேவை. தீனியில் நம் தென்னாட்டு வழக்கம் கொள்ளு. ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுப்பார்கள்; புல்லும் தட்டையும் கூட. திடீரென்று தீனியை மாற்றினால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் அந்த வலி உயிருக்கே உலை வைக்கும்.

இதைப் படிக்கும்போது மார்க்கோ போலோ நினைவுக்கு வந்தார். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர். அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை கப்பலில் வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரிந்த ஆளும் லாடம் அடிக்கிறவனும் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். காசு கொட்டிக் குதிரை வாங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்பது எழுநூறு வருஷத்துக்கு முந்தைய பாடம்.

ஒரு சிவப்பு ரிப்பன்

வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லோரும் லாயத்தில் கூடுவார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் வார இறுதியின் உயிர் என்று தோன்றியது. ஒருத்தி ஈரத் துணியில் சோப்பு தொட்டுச் சேணத்தையும் கடிவாளத்தையும் துடைக்கிறாள். துடைக்கும்போதே தையல் விட்டிருக்கிறதா, வார் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறாள். வயிற்றுவார் ஓட்டத்தின் நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொருத்தி குதிரையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, வளைந்த இரும்புக் கொக்கியால் குளம்பின் சேற்றை நோண்டி எடுக்கிறாள். குதிரைக்காரர் பக்கத்தில் நின்று, “அம்மா, நடுவுல மெத்துனு இருக்குதே, அத குத்திடாதீங்க” என்கிறார். அவர் சொல்வதற்கு மறுபேச்சில்லை.

அப்போதுதான் ஒரு குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவதைப் பார்த்தேன். அலங்காரம் என்று நினைத்தேன். “இவ ஒதைப்பா. பின்னால வர்றவங்க ஒதுங்கி வரணும்னு அடையாளம்” என்றாள் தோழி. புதிதாகப் பழகும் குதிரைக்குப் பச்சை ரிப்பன். இங்கிலாந்து வேட்டைக்களத்து வழக்கம் இது. தன் குதிரையின் குறையைத் தானே எல்லோருக்கும் அறிவித்துவிடும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

உடையிலும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கழுத்தில் சுற்றும் நீண்ட வெள்ளைத் துணி, அவசரத்துக்குக் கை உடைந்தவருக்குத் தொட்டிலாகவும் குதிரைக் காயத்துக்குக் கட்டாகவும் ஆகும். பூட்ஸுக்குக் குதிகால் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். ஹெல்மெட் ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மார்பையும் முதுகையும் காக்கும் கவசச் சட்டை கட்டாயம். தாலிச் சங்கிலி, ஜிமிக்கி, வளையல் எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டார்கள். “நம்ம வீட்ல சொல்லாதடி” என்று ஒருத்தி சொல்ல, லாயமே சிரித்தது.

இரவுச் சாப்பாட்டோடு வேலைப் பங்கீடு நடக்கும். முன்னே யார், கடைசியில் யார், கேட்டைத் திறந்தால் மூடுவது யார், முதலுதவிப் பை யாரிடம், பயந்தவரோடு கூடவே நடைபோட்டு வருவது யார். பயிர்நிலத்தில் கால் வைக்கக் கூடாது. மேயும் எருமைக்கும் ஆட்டுக்கும் பக்கத்தில் நடைதான். யாராவது விழுந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். தூங்கப் போகும்முன் குதிரைகளை இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி போலத்தான் இருந்தது அது.

சோம்பு எண்ணெய் போதும்

இவ்வளவு தயாரிப்பில் நரிக்கு எங்கே இடம்? இந்தக் கேள்விக்கு விடை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒருவர் முன்கூட்டியே ஓடியோ குதிரையிலோ போவார். அவர் கையிலுள்ள கயிற்றின் நுனியில் சோம்பு எண்ணெயில் நனைத்த துணி தரையில் இழுபட்டு வரும். சிறிது நேரம் கழித்து நாய்களை அவிழ்த்து விடுவார்கள். அவை அந்த வாசனையைப் பிடித்து ஓட, குதிரைகள் பின்தொடரும். ஈரக் காலையில் வாசனை தரையோடு படிந்து நிற்கும். வெயில் ஏறிக் காற்றடித்தால் கலைந்துவிடும். அதனால் நாய்கள் தடுமாறுவதும் தேடுவதும் மறுபடி கண்டுபிடித்துக் குரலெழுப்புவதும் எல்லாம் இதிலும் உண்டு. ஓட்டம் முடியும் இடத்தில் நாய்களுக்குத் தீனி காத்திருக்கும். உயிர் எதுவும் போகாது. சதுப்பு எங்கே, பயிர் எங்கே என்று பார்த்துப் பாதையைப் போடலாம் என்பதால் குதிரைக்கும் மனிதருக்கும் ஆபத்து குறைவு. மனிதர் ஒருவரே ஓட, அவருடைய சொந்த வாசனையை மோப்பநாய்கள் பின்தொடரும் வகையும் உண்டு.

நரியில்லாத வேட்டை உப்பில்லாத சாப்பாடு என்பவர்களுக்கு ஜெர்மனியே பதில். 1934-இல் அங்கே நாய்களை ஏவும் வேட்டைக்குத் தடை வந்தது. அன்று முதல் அங்கே வாசனைத் தடத்தின் மேல்தான் ஓட்டம். அந்த மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. நரிவேட்டையின் தாயகமான இங்கிலாந்திலும் 2005 பிப்ரவரியில் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு அங்கே சிலர் சோம்புக்குப் பதிலாக நரியின் வாசனையையே தடமாகப் போட்டார்கள். நாய்கள் உண்மையான நரியின்மேல் பாய்ந்தால் “தவறி நடந்தது” என்றார்கள். இதையும் தடைசெய்வதாக 2024 தேர்தல் அறிக்கையில் லேபர் கட்சி வாக்குறுதி தந்தது. ஆகவே என் தோழிகளுக்கு நான் சொன்னது இதுதான்: செய்தால் சோம்பு வாசனையில் செய்யுங்கள், நரி வாசனைக்கே போகாதீர்கள்.

நம் நாட்டிலும் நரி சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு. அதைப் பிடிப்பதும் துன்புறுத்துவதும் குற்றம். ஆனால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையே அதற்கு வினையாகிவிட்டது. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கல் சமயத்தில் வங்காநரியை வலைபோட்டுப் பிடித்து, வாயைக் கட்டி ஊர்வலம் கொண்டுவந்து, முகத்தில் விழித்தபின் விடும் வழக்கம் இருந்துவருகிறது. வனத்துறை ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கிறது, அபராதமும் விதித்திருக்கிறது. நரிக்குக் கொம்பே கிடையாது. ஆனாலும் நரிக்கொம்பு என்று தாயத்து விற்கிறார்கள். அதற்காகச் சாகிற நரிகளும் உண்டு. வயல் எலியைத் தின்று விளைச்சலைக் காக்கிற ஒரு பிராணிக்கு நாம் செய்யும் கைம்மாறா இது?

பரி, நரி, வடலூர்

நரியையும் பரியையும் சேர்த்து நினைத்த ஊர் நம்முடையது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார் மாணிக்கவாசகர். சிவபெருமான் காட்டு நரிகளையெல்லாம் குதிரைகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். ராத்திரியானதும் அவை நரிகளாகி ஓடிப்போயின. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை இன்றும் நடக்கிறது. அந்த மாணிக்கவாசகர் கடைசியில் வந்து கலந்தது எங்கள் பக்கத்துச் சிதம்பரத்தில். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது, குதிரையாகி ராஜாவின் லாயத்தில் கொள்ளு தின்னக் கிடைத்தும் நரிகள் ஏன் காட்டுக்கே ஓடின என்று ஆயாவைக் கேட்டிருக்கிறேன். “அதுக்கு அதோட காடுதான் ராஜாங்கம்” என்றாள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து கொஞ்ச தூரம்தான் வடலூர். 1867 மே 23-ஆம் தேதி வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருகிறவர்களுக்கு இன்றும் அங்கே சோறு உண்டு. எந்த உயிரையும் வருத்தாதே என்பதை அவர் பேச்சோடு விடாமல் அடுப்பாகவே மூட்டிவைத்துவிட்டுப் போனார். அந்த மண்ணில் வளர்ந்தவள் என்பதால், ஒரு நரி நுரைதள்ள ஓடிச் சாவதை விளையாட்டு என்று என்னால் ஏற்க முடியாது. அதேசமயம் அந்த லாயத்தில் பார்த்த தோழமையையும் துணிச்சலையும் வெள்ளைக்காரன் மிச்சம் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை என்று நம்பவைத்திருக்கிறார்கள். ஒரு துணியும் கொஞ்சம் சோம்பு எண்ணெயும் அவற்றைப் பிரித்துவிடுகின்றன.

எனவே இரண்டு வேண்டுகோள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒன்று: உங்கள் மகள் குதிரை ஏற ஆசைப்பட்டால், விழுந்துவிடுவாள் என்று தடுக்காதீர்கள். நல்ல பள்ளியாகப் பார்த்து, ஹெல்மெட் வாங்கிக் கொடுத்து, குளம்பைச் சுத்தம் செய்வதிலிருந்து கற்றுக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள். தன்னைவிட ஏழெட்டு மடங்கு எடையுள்ள ஓர் உயிரை அதட்டாமல் நடத்தக் கற்றவள் வாழ்க்கையில் எதற்கும் பயப்படமாட்டாள்.

எல்லோருக்கும் ஒன்று: முந்திரித் தோப்பிலோ ஏரிக்கரையிலோ விடிகாலையில் ஒரு நரி குறுக்கே வந்தால், கல்லைத் தேடாதீர்கள், கைபேசியோடு பின்னால் ஓடாதீர்கள். நின்று, அது போகும்வரை பாருங்கள். நரி முகத்தில் முழிப்பது நல்லது என்று நம் பெரியவர்கள் சொன்னது உண்மையாக வேண்டுமானால், முழிப்பதற்கு நரி இருக்க வேண்டும்.